படத்தின் முதுகு

ஜூன் 12, புதன். தஞ்சாவூர்

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம், யாரும் தொடாமலே, எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த நவநீத கிருஷ்ணன் கீழே விழுந்தார். ஆணி துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. கண்ணாடி நொறுங்கியது. படத்துக்குப் பெரிய சேதம் இல்லை. ஒரு தூணின் ஓரம் மட்டும் தங்க ரேக்கு உதிர்ந்து உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு தெரிந்தது. ஆனால் பின்னால் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதம் குறுக்கே கிழிந்துவிட்டது. கிழிசலுக்குள் பென்சில் எழுத்து. நாற்பத்தைந்து வருஷமாக அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதற்கு ஒரு பின்பக்கமும் உண்டு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்தப் படத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அம்மாவின் அப்பா ரங்கூனில் வியாபாரம் செய்தார். அந்தப் பணத்தில் தஞ்சாவூருக்கே போய், சித்திரக்காரர் வீட்டுத் திண்ணையில் பத்து நாள் உட்கார்ந்து, தன் கல்யாணத்துக்கென்று எழுத வைத்தார். விருந்தாளி யார் வந்தாலும் அம்மா இதைச் சொல்வாள். ‘பத்து நாள்’ சில சமயம் ‘ஒரு மாசம்’ ஆகும்.

அதனால் பழுது பார்க்கவும் தஞ்சாவூருக்கே கொண்டுபோவது என்று முடிவானது. படுக்கை விரிப்பில் சுற்றி, கயிறு கட்டி, நேற்று ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினேன். எதிர் இருக்கை அம்மா, “அது என்ன தம்பி, டிவியா?” என்றார். சாமி படம் என்றதும் நீட்டியிருந்த காலைச் சட்டென்று மடக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “எந்தப் பக்கம் மூஞ்சி?” என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. தடவிப் பார்த்துச் சொன்னேன். “முதுகக் காட்டிக்கிட்டு வர்றாரே, திருப்பி வைங்க.” திருப்பி வைத்தேன். விழுப்புரம் வரை அந்தம்மா போர்வையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தார்.

காலையில் இறங்கினால், ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் ஒரே பேச்சு: மேட்டூர். இன்றைக்கு ஜூன் 12, அணை திறக்க வேண்டிய நாள். இந்த வருஷம் திறக்கவில்லை, அணையில் தண்ணீர் இல்லை. “நாத்து விடறதா வேணாமான்னே தெரியல” என்றார் தோளில் துண்டு போட்டிருந்தவர், என்னிடம்தான் பதில் இருப்பதுபோல. டீ 12 ரூபாய். வெயில் ஏழரை மணிக்கே முதுகில் அறைந்தது.

யாரைப் பார்க்க வந்தேனோ அந்தச் சித்திரக்காரப் பெரியவர் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார். சும்மா இருப்பானேன் என்று வேறொரு கடையில் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் போர்வையை முழுசாகக்கூட விலக்கவில்லை. “பலகை உளுத்துப்போச்சு சார். தூக்கிப் போட்டுட்டு புது ப்ளைவுட்ல ஏத்தித் தந்துடறேன். 6,500. பளபளன்னு ஆயிடும்.” பளபளப்பு வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல், யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். லாட்ஜ் 900 ரூபாய். ஏசி மாவு மிஷின் மாதிரி சத்தம் போடுகிறது, குளிர்ச்சி மட்டும் வரவில்லை.

நாலு மணிக்குப் பெரிய கோயில். கல் தரை சூடு ஆறவில்லை. விரித்திருந்த பாய்மேல் எல்லோரும் குதித்துக் குதித்துப் போனோம். கோபுரத்தைப் பற்றி எழுதப்போவதில்லை, அதை ஆயிரம் பேர் எழுதியாயிற்று. வளாகத்துக்குள்ளேயே தொல்லியல் துறை வைத்திருக்கும் காட்சிக்கூடத்தில் ஒரு மணி நேரம் தனியாக இருந்தேன். காவலாளி தவிர யாரும் இல்லை. அவரும் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தார்.

கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றின் சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, காரை உதிர்ந்திருந்த இடங்களில் அதற்கு அடியில் இன்னொரு ஓவியம் இருப்பதைக் கண்டார். ராஜராஜன் காலத்துச் சோழ ஓவியம்! ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் இருந்திருக்கின்றன. மேலே இருப்பதைச் சுரண்டினால் அது போய்விடும், விட்டுவைத்தால் கீழே இருப்பது தெரியாது. பிற்பாடு தொல்லியல் துறை மேல் அடுக்கைச் சேதமில்லாமல் உரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டியது. அப்படிப் பிழைத்த நாயக்கர் ஓவியங்கள் 16. சுவருக்கென்று எழுதிய படம், இன்றைக்குப் பலகை முதுகோடு நிற்கிறது.

உள்சுற்றுக்குள் நம்மை விடமாட்டார்கள். அங்கிருக்கும் சோழ ஓவியத்தைப் புகைப்படத்தில்தான் பார்க்க வேண்டும். அதில் ஒரு காட்சி: சுந்தரர் கல்யாணத்தைத் தடுக்க வந்த கிழவர் சபை நடுவே ஓலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். ‘உன் பாட்டன் எனக்கு எழுதிக்கொடுத்த அடிமை ஓலை’ என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழவர் அசரவில்லை; நீ கிழித்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று வெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு இழுத்துப்போகிறார். அங்கே பாட்டனின் பழைய கையெழுத்தைத் தேடி எடுத்து ஒத்துப் பார்க்கிறார்கள். வில்லங்கம் பார்ப்பது நமக்கு அப்போதே கைவந்த கலை. பாட்டன் எழுத்து என்றதும் என் போர்வை மூட்டை ஞாபகம் வந்தது.

ராத்திரி இட்லிக்குக் கடப்பா கேட்டேன். “ஞாயித்துக்கிழமைதான் சார்.”

ஜூன் 13, வியாழன். தஞ்சாவூர்

பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஓட்டு வீட்டு முன்கட்டுதான் பட்டறை. வஜ்ஜிரமும் புளியங்கொட்டைப் பசையும் கலந்த வாசனை. படத்தை வாங்கியவர் முன்பக்கத்தை அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்து, கிருஷ்ணனைக் குப்புறப் படுக்க வைத்தார்.

“முன்னாடி பார்த்தா எல்லாம் ஒண்ணுதான் தம்பி. தூணு, திரைச்சீலை, வெண்ணெய்ப் பானை, கொழுகொழுன்னு புள்ள. முதுகைப் பார்த்தாத்தான் இவர் யார் வீட்டுப் புள்ளன்னு தெரியும்.”

முட்டியால் பலகையைத் தட்டிக்கொண்டே போனார். ஒரு மூலையில் மட்டும் சத்தம் பொத்தலாகக் கேட்டது. அங்கே ஊசி முனை அளவு ஓட்டைகள், கீழே மாவுபோலத் தூள். “வண்டு. உசுரோட இருக்கு.” பலா மரம், இரண்டு துண்டு இணைத்தது. கைரம்பத்தால் அறுத்த கீறல் கோணல்மாணலாக ஓடுகிறது. மிஷின் ரம்பம் என்றால் வட்டம் வட்டமாகத் தடம் விழுந்திருக்குமாம். பலகைமேல் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்பு மாவும் பசையும் பூசி, தேய்த்து வழவழப்பாக்கி, கோடு போட்டு, மக்கு வைத்து உருவத்தை எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, கடைசியில்தான் வண்ணம். இதெல்லாம் முன்பக்கத்துச் சங்கதி. அந்தத் துணியின் ஓரம் பலகை விளிம்பைத் தாண்டிப் பின்னால் மடிந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்து, “பழைய வேலைதான். உங்க தாத்தா காலத்துக்கும் முன்னாடி” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தாத்தா கண்ணெதிரே எழுத வைத்த படம் என்று சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டு, ஈரப் பஞ்சால் பழுப்புக் காகிதத்தை நனைத்து உரிக்க ஆரம்பித்தார். ஒன்றேகால் மணி நேரம். நடுவில் வீட்டம்மா மோர் கொடுத்தார். அவர் கை படத்தைவிட்டு எழவில்லை.

பழுப்புக் காகிதத்துக்கு அடியில் செய்தித்தாள். சுதேசமித்திரன் பெயரில் பாதி, ஒரு தைல விளம்பரம், ஓரத்தில் 1957. நான் குதித்தேன், தேதி கிடைத்துவிட்டதே! பெரியவர் சிரித்தார். “பேப்பர் சொல்றது படம் போட்ட தேதி இல்ல. கடைசியா யாரோ பின்னாடி கை வெச்ச தேதி.”

செய்தித்தாளுக்கும் அடியில்தான் பலகையின் சொந்தச் சருமம். இடது மூலையில் கண்ணாடி, பிரேம் போடும் கடை ஒன்றின் சீட்டு. கடைப் பெயரைப் பூச்சி தின்றுவிட்டது, ‘தேவகோட்டை ரஸ்தா’ மட்டும் மிச்சம், காரைக்குடிப் பக்கத்து ரயிலடி அது. அதற்குப் பக்கத்தில் கறுப்பு மையில் மூன்றெழுத்து, செட்டியார் வீட்டுப் பாத்திரங்களில் வெட்டியிருக்குமே, அந்த மாதிரி விலாசம், இன்ன வீட்டுச் சாமான் என்று காட்டும் முதலெழுத்துகள். கீழே ௪௧ என்று தமிழ் எண், அதாவது 41. நடுவில் அந்தப் பென்சில் வரி:

‘விக்கிரம வருஷம் தை மாசம்’ என்று தொடங்கி, தாத்தாவின் பெயர், ‘கலியாணத்துக்குக் கொடுத்தது’ என்று முடிகிறது.

கொடுத்தது! வாங்கியது இல்லை.

விக்கிரம வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வரும். தை என்றால் 1881 அல்லது 1941 அல்லது 2001. காரைக்குடி வழியாக ரயில் போனது 1930-வாக்கில்தான். ரயிலடிப் பெயர் போட்ட சீட்டு 1881-ல் இருக்க வழியில்லை. தாத்தா கல்யாணம் 1941 தை. கணக்கு உதைக்கவில்லை. கதைதான் உதைக்கிறது.

இன்னொன்று. தாத்தா பெயருக்கு முன்னால் ஒரு சொல் இருக்கிறது. அது சரியாக ஒரு ரீப்பருக்கு, பின்னால் அடித்த மரச் சட்டத்துக்கு, அடியில் போய்விட்டது. ‘ச’ போல ஒரு வளைவு மட்டும் வெளியே தெரிகிறது. பலகையின் இணைப்பு பிரியாமல் இருக்க மேலும் கீழும் இரண்டு குறுக்குச் சட்டங்கள், தேக்கு, பட்டறையில் அடித்த ஆணி. நடுவில் இருக்கும் இந்த மூன்றாவது ரீப்பர் மட்டும் வேறு மரம், கடைக் கம்பி ஆணி, அதுவும் குட்டையாக, நெடுக்குவாட்டில். பெரியவர் அதை இரண்டு தடவை தடவிப் பார்த்தார். “இந்த இடத்துல இது தேவையே இல்லையே” என்றார், தனக்குத்தானே.

இப்போதே எடுங்கள் என்றேன். முடியாதாம். “பலகை ஈரமா இருக்கு. இப்ப ஆணி புடுங்கினா அந்தப் பக்கம் மக்கு வெடிச்சுடும். வண்டுக்கு மருந்து விட்டு மூடி வெக்கிறேன். ஞாயித்துக்கிழமை வாங்க.”

அம்மாவுக்குப் போன் செய்து எழுத்தைப் படித்துக் காட்டினேன். “எழுதினவன் தப்பா எழுதியிருப்பான்” என்றாள். பிறகு யோசித்து, “ச-ன்னா சிரஞ்சீவியா இருக்கும். மரியாதையா ‘சிரஞ்சீவி’ போட்டிருக்காங்க பாரு” என்றாள். அப்படியே இருக்கட்டும்.

ராத்திரி மின்சாரம் போய், லாட்ஜ் மாடியில் உட்கார்ந்து போனில் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். எடின்பரோவில் வான்கோ வரைந்த குடியானவப் பெண் தலை ஒன்று இருக்கிறது. 2022-ல் அதற்கு எக்ஸ்ரே எடுத்தபோது, கான்வாஸின் முதுகில், ஒட்டிய அட்டைக்கு அடியில், அவருடைய சொந்த முகம் தெரிந்ததாம். புதுத் துணி வாங்கக் காசில்லாமல் பழையதையே திருப்பிப்போட்டு வரைந்தவர் அவர். நாஜிகள் பிரான்சில் யூதக் குடும்பங்களிடம் கொள்ளையடித்த படங்களில் பலவற்றின் பின்னால் அவர்களே குறியெழுத்தும் எண்ணும் போட்டு வைத்திருக்கிறார்கள். திருடியவன் ஒழுங்காகக் கணக்கு எழுதியதால்தான் வாரிசுகள் பிற்பாடு கண்டுபிடிக்க முடிந்தது. எங்கள் ௪௧ யார் போட்ட கணக்கு?

ஜூன் 14, வெள்ளி. காரைக்குடி

புதுக்கோட்டை வழியாகப் பஸ். ஜன்னலோரம், அதனால் வலது கை மட்டும் வெந்துபோய் இறங்கினேன். பேருந்து நிலையத்துக்கு வெளியே நுங்கு, 50 ரூபாய்க்குக் கை நிறைய. விற்ற பெண், “சீவின சூட்டோட சாப்பிடுங்க, போனை அப்புறம் பாக்கலாம்” என்று அதட்டினார்.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் அடுக்கு, ஜாடி, மரப்பாச்சி, தூண் தலை, கதவு, கடிகாரம். வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்து, பிரிக்க முடியாதவை விற்கப்பட்டு, இங்கே வந்து குவிந்திருக்கின்றன. இன்னார் வீட்டு ஆத்தாவும் அப்பச்சியும் சட்டத்துக்குள் விறைப்பாக நின்றுகொண்டு, 800 ரூபாய் என்ற சீட்டைக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

ஒரு கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். தஞ்சாவூர்ப் படம் ஒன்றைக் காட்டி 130 வருஷம் என்றார். அரை மணி கழித்து ஒரு வெளிநாட்டுத் தம்பதி வந்தார்கள். அதே படத்துக்கு வயது 80 ஆகிவிட்டது. அவர்கள் போனதும் கேட்டேன். “நூறு வருஷம் தாண்டினா தொல்பொருள் சார், 1972 சட்டம், நாட்டை விட்டு வெளிய போகாது. அவங்களுக்கு எதுக்கு அந்தத் தொல்லை? உங்களுக்கு வயசு ஜாஸ்தின்னாத்தான் சந்தோஷம்.” ஆளுக்கேற்ற ஜாதகம்.

வயசை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவரே சொல்லியும் கொடுத்தார், தொழில் ரகசியத்தை இப்படி வாரி வழங்குபவரை நான் பார்த்ததில்லை. புதுப் பலகைக்கு டீ டிகாக்ஷன் பூசிப் பழசாக்குவார்கள். ஆனால் டிகாக்ஷன் எல்லா இடத்திலும் ஒரே நிறமாக இறங்கும், ஆணி ஓட்டைக்குள்ளும் போயிருக்கும். நிஜமாகக் கிழடான மரம் காற்றுப் பட்ட இடத்தில் கறுத்திருக்கும், சட்டத்துக்கு அடியில் வெளுப்பாக இருக்கும். “ஒரு ரீப்பரை எடுத்துப் பாருங்க, தெரிஞ்சுடும்.” எனக்கு எந்த ரீப்பர் நினைவுக்கு வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரவிவர்மா அச்சுப் படங்கள் ஒரு சுவர் முழுக்க இருந்தன. 1894-ல் பம்பாயில் அவர் அச்சகம் ஆரம்பித்தார். அப்புறம் அது லோணாவலா பக்கம் மளவலிக்கு மாறி, பிறகு ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது. இந்த லட்சுமி, சரஸ்வதிகளுக்கு இங்கே வீட்டுப் பெண்கள் ஜரிகைச் சேலை தைத்து உடுத்தியிருக்கிறார்கள். ஒன்றைத் திருப்பினேன். அடைப்புப் பலகை ஏதோ கப்பல் பெட்டியைப் பிரித்தெடுத்த மரம். பாதி ஆங்கில எழுத்து, தலைகீழாக. முன்னால் பட்டும் பாசியுமாகச் சரஸ்வதி, பின்னால் சரக்குப் பெட்டி.

திருப்பிப் பார்க்கும் ஆசை அங்கேயே நின்றிருக்கலாம். பக்கத்தில் ஒரு கண்ணாடிப் படம், கைக்கு அடக்கமாக, ராதா கிருஷ்ணர். பின்னால் அட்டை லூஸாக இருந்தது. சும்மா ஓரத்தைத் தூக்கினேன். அட்டையோடு ஒரு காகிதம், காகிதத்தோடு நீலம்.

கண்ணாடிப் படத்தில் பின்பக்கம்தான் படமே. கண்ணாடியின் முதுகில் தலைகீழ் வரிசையில் எழுதுவார்கள். மற்ற படங்களில் கடைசியாக வைக்கும் கண்மணி, நகைப்புள்ளி, கோடு எல்லாம் இதில் முதலில். அப்புறம் உடம்பு, உடை. பின்னணி கடைசியில். இடம் வலமாகிவிடும் என்பதையும் நினைவில் வைத்து எழுத வேண்டும். தப்பினால் அழித்துத் திருத்த முடியாது, முதல் கோடுதான் ஆகக் கீழே மாட்டிக்கொண்டிருக்கிறதே. 18-ஆம் நூற்றாண்டில் சீன வியாபாரத்தோடு வந்த வித்தை இது. தஞ்சாவூரில் வேர்விட்டது. கடைசியாகப் பூசிய பின்னணிதான் அட்டைக்குப் பக்கத்தில் இருக்கும், ஈரக்காற்றில் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். நான் இழுத்ததும் கிருஷ்ணரின் தோளுக்குப் பின்னால் வானத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவு ஓட்டை. அதன் வழியே என் விரல் தெரிந்தது.

கடைக்காரர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “பரவால்ல சார். 3,500 குடுங்க.” கொடுத்தேன். உரிந்த நீலத்தையும் ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்துத் தந்தார், சாமி விபூதி மாதிரி.

ராத்திரி சாப்பாடு பிடிக்கவில்லை. இரண்டு இடியாப்பம், தூக்கம்.

ஜூன் 15, சனி. தேவகோட்டைப் பக்கம் ஒரு ஊர்

நண்பனின் அம்மா தனியாக இருக்கிறார், ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில். புழங்குவது மூன்று அறைதான். மற்றதெல்லாம் பூட்டு. வாசலில் தயங்கி நின்றேன். “வாங்க தம்பி, வாங்க. முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம்” என்று நேரே வளவைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்ச் சட்னி. பணியாரம் நடுவில் பஞ்சு, ஓரம் மட்டும் காகிதம் மாதிரி மொறுமொறு. எங்கள் வீட்டிலும் தீபாவளிக் காலையில் இதே மாதிரி உண்டு என்றேன். “உங்க பக்கம் இது ஏது?” என்றார் ஆச்சி. தாத்தா ரங்கூனில் பழகியிருப்பார் என்று சொன்னேன். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் இன்னொன்று வைத்தார். பிறகு கவுனி அரிசி, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு. பர்மாவிலிருந்து வந்த அரிசி என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

பர்மாவில் இந்தப் பக்கத்துச் செட்டியார்கள் போட்ட முதலீட்டை இன்றைக்கு நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. 1930-களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் போக, அடமான நிலங்கள் இவர்கள் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த நிலம், 1937 வாக்கில் 25 சதவீதம். கையில் இருந்ததோ வட்டிப் பணம் இல்லை, விற்க முடியாத வயல். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது, அடுத்த மார்ச்சில் நகரமே விழுந்தது. அப்போது தப்பி ஓடிவந்த கூட்டத்தில் தாத்தாவும் நடந்து வந்தவர். அதைப் பற்றி மட்டும் அவர் வாயே திறந்ததில்லை.

போனில் இருந்த படங்களைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். அந்த மூன்றெழுத்து விலாசத்தில் அவருக்குத் தெரிந்தே மூன்று வீடு உண்டாம். யாருடையது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். ஆனால் ௪௧ பார்த்ததும் சிரித்தார். எழுந்துபோய், இரும்புப் பெட்டியிலிருந்து நீளவாக்கில் ஒரு நோட்டை எடுத்துவந்தார். அவர் கல்யாணத்தில் சாமான் பரப்பியபோது எழுதிய பட்டியல். வெள்ளிக் குத்துவிளக்கிலிருந்து துடைப்பம் வரை, எண் போட்டு. “சாமான்ல நம்பரும் விலாசமும் இருக்கும். பட்டியல்ல அதே நம்பர் இருக்கும். அந்த வீட்டுக்கு வந்த ஏதோ ஒரு ஆச்சியோட சீருல நாப்பத்தோராவது இது.”

அதாவது இந்தக் கிருஷ்ணன் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னால் வேறொரு கல்யாணத்தில் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

பென்சில் வரியைப் பார்த்து, “இது பொம்பளை எழுத்து இல்ல, கணக்கு எழுதுறவங்க எழுத்து. வெளிய போற சாமானுக்குத் தேதி போட்டிருக்காக” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சொந்தக்காரக வீட்டுக் கல்யாணம்னா புதுசு வாங்கித்தான் குடுப்போம் தம்பி. சீர்ல வந்ததையே எடுத்துக் குடுத்திருந்தா, வீட்டோட இருந்தவுகளா இருக்கும். ரொம்பப் பிரியமா இருந்தாத்தான் குடுப்பாக” என்றார்.

வீட்டோட இருந்தவர் என்றால்? கேட்கவில்லை. ஆச்சியும் விளக்கவில்லை. கிளம்பும்போது ஒரு தூக்கு நிறையத் தேன்குழல் கொடுத்தார். தூக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதன் அடியிலும் விலாசம் வெட்டியிருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு. தஞ்சாவூர், பிறகு பஸ்

இதைப் பஸ்ஸில் தட்டிக்கொண்டிருக்கிறேன், திண்டிவனம் தாண்டியாயிற்று. ஞாயிறு ராத்திரி, நாளைக்குப் பக்ரீத் விடுமுறை, ரயிலில் இடமே இல்லை. பஸ்ஸிலும் விக்கிரவாண்டி வரை நின்றுகொண்டுதான் வந்தேன். படம் மட்டும் உட்கார்ந்து வந்தது, முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரர் மடியில். இறங்கும்போது அவர் போர்வையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

காலையில் கடப்பா கிடைத்தது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பு வாசனையும். இரண்டு இட்லிக்குப் பதில் ஆறு சாப்பிட்டேன். 96 ரூபாய்.

பெரியவர் தயாராக இருந்தார். பலகை காய்ந்திருந்தது, மூலை ஓட்டைகளை மெழுகால் அடைத்திருந்தார். முன்பக்கம் உதிர்ந்த தூணுக்குப் புது ரேக்கு. கொஞ்சம் அதிகமாகவே மின்னுகிறது, சொல்லவில்லை. ஓட்டை விழுந்த கண்ணாடிப் படத்தை வெட்கத்தோடு எடுத்து நீட்டினேன். பொட்டலத்தைப் பிரித்து நீலத்தைப் பார்த்தார். “ஒட்ட வராது. பின்னாடி ஒரு நீலக் காகிதம் வெச்சு மாட்டிக்கங்க” என்றதோடு சரி.

மூன்றாவது ரீப்பருக்கு உளியோ சுத்தியலோ எடுக்கவில்லை. ஒவ்வொரு ஆணியின் தலையையும் சின்ன அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, ரீப்பரை அப்படியே மேலே தூக்கினார். நாலு ஆணி. அரை மணி நேரம்.

கடைக்காரர் சொன்னது சரி. அடியில் மரம் வெளுப்பாக, நேற்று இழைத்ததுபோல இருந்தது. பென்சில் எழுத்தும் கறுப்பாக, அழியாமல்.

‘சமையல்’.

விக்கிரம வருஷம் தை மாசம் சமையல் இன்னாருக்குக் கலியாணத்துக்குக் கொடுத்தது.

பெரியவர் படித்தார். என்னைப் பார்க்காமல், அரத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். 1957 செய்தித்தாள் அவருக்குப் பின்னால் அட்டைமேல் காய்ந்துகொண்டிருந்தது. ஐம்பத்தேழில் தாத்தா சென்னையில் சொந்தமாகக் கடை போட்டுவிட்டார். கம்பி ஆணிக்கெல்லாம் அலைந்திருக்க மாட்டார், அது இரும்புக்கடை.

அம்மாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“வெள்ளைப் பணியாரம் பாட்டிக்கு வரவே வராது” என்றாள். “அப்பாதான் சுடுவார். தீபாவளிக்கு விடியக்காலம் எழுந்து, கதவைச் சாத்திக்கிட்டு. ஏன் கதவைச் சாத்தறார்னு நாங்க யாரும் கேட்டதில்ல.”

பெரியவர் சைகை காட்டினார். ரீப்பரைத் திருப்பி அடிக்கவா, வேண்டாமா என்று கேட்கிறார். அம்மாவிடம் கேட்டேன்.

“அப்பா அடிச்சது. இருந்த மாதிரியே இருக்கட்டும்.”

சொன்னேன். அவர் சரி என்று ரீப்பரை எடுத்துப் பழைய தடத்திலேயே பொருத்தினார். ஆனால் ஆணி டப்பாவை எடுக்கவில்லை. மேஜை இழுப்பறையைத் துழாவி நாலு பித்தளைத் திருகாணி எடுத்தார்.

“ஆணி அடிச்சா அடுத்தாப்ல எடுக்கிறவங்களுக்குச் சிரமம்” என்றார். திருகாணிக்கு 20 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்.